பேரீச்ச மரத்துக்குப் பூஜ்யம்

அடுத்தவர் தப்பைத் திருத்துவதில் எனக்கு இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வரலாற்று வாத்தியார். வாரத்தில் ஐந்து நாள் பையன்களின் தப்பைத் திருத்தியது போதாதென்று, சனிக்கிழமை மத்தியானமும் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து திருத்துவேன். எங்கள் பங்கில் அப்போது அஞ்சல்வழி விவிலியக் கல்வி நடந்துகொண்டிருந்தது. மொத்தம் பதின்மூன்று பாடம். பாடமும் கேள்வித்தாளும் தபாலில் போகும், விடைத்தாள் தபாலில் வரும். நான் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு எத்தனை என்று போட்டு, அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். பதின்மூன்றிலும் தேறியவர்களுக்குக் கெட்டி அட்டையில் ஒரு சான்றிதழ். எந்த மதத்துக்காரரும் எழுதலாம். சின்னாளபட்டியிலிருந்து தறி நெய்கிறவர் ஒருவர் எழுதினார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டுகிற ஒருவர், கேரளாவில் லோடு இறக்குகிற நேரத்தில் எழுதியதாகச் சொல்லித் தாளில் தக்காளிக் கறையோடு அனுப்புவார்.

1996இல் பேகம்பூரிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. நசீம் பானு, வயது முப்பத்தாறு, படிப்பு எட்டாம் வகுப்பு. முகவரியில் அண்ணன் பெயர் போட்டிருந்தது.

பேகம்பூர் திண்டுக்கல்லுக்குள்ளேயே, எங்கள் கோவிலிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனாலும் அவர் தாள் தபால்பெட்டிக்குப் போய், முத்திரை வாங்கி, இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வரும். தபால் பிரித்துக் கட்டுகிற வேலை அல்போன்சாவுடையது. அலுவலகத்தில் தட்டச்சும் அவள்தான்.

"இந்தா இருக்குற பேகம்பூருக்கு இம்புட்டு ஸ்டாம்பா சார்?" என்று சிரிப்பாள். "அவங்களுக்குத் தபால் வரணும்னு ஆசை போல."

அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மை என்று தெரிய எனக்கு ஏழு வருஷம் ஆனது.

நசீம் பானு தாளில் பென்சிலால் மார்ஜின் போட்டு எழுதுவார். எழுத்து குண்டு குண்டாக, எட்டாம் வகுப்பில் நின்ற இடத்திலேயே நின்ற எழுத்து. ஆனால் தப்பு இருக்காது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. எங்கள் ஆட்களே எசாயாவையும் எரேமியாவையும் மாற்றி எழுதுகிறபோது, இந்த அம்மா எல்லாவற்றையும் சரியாக எழுதினால் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன்? மூஸா என்று சொல்லி வளர்ந்தவர் எங்களுக்காக மோசே என்று எழுதினார். இப்ராஹீமை ஆபிரகாம் என்று எழுதினார். மூன்றாம் பாடத்தில் ஒரே ஒரு இடத்தில் மாட்டினார். ஆபிரகாம் பலியிடத் துணிந்த மகன் யார் என்ற கேள்விக்கு, "உங்கள் பாடத்தின்படி ஈசாக்கு" என்று எழுதியிருந்தார். அவர்கள் இஸ்மாயில் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதென்ன "உங்கள் பாடத்தின்படி"? நான் அரை மதிப்பெண் வெட்டினேன்.

அடுத்த தாளிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை. அரை மதிப்பெண்ணுக்குப் பயந்துவிட்டார் என்று அன்று நினைத்தேன். விருந்துக்குப் போன இடத்தில் சோற்றில் கல் அகப்பட்டால் சத்தம் காட்டாமல் இலை ஓரத்தில் எடுத்து வைப்போமே, அவர் செய்தது அது என்று இப்போது தெரிகிறது. பன்னிரண்டு பாடத்துக்கும் சேர்த்து அவர் இழந்தது அந்த அரை மதிப்பெண் மட்டும்தான்.

பதின்மூன்றாம் பாடத்தில் ஒரே கேள்வி: "மரியாவைப் பற்றி நீங்கள் அறிந்ததை எழுதுக." மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதுவார்கள். நசீம் பானு மூன்று பக்கம் எழுதினார்.

நான் அறிந்ததை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தார். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண் மர்யம் ஒருவர்தான், அவர் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மர்யம் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய தாய் பிள்ளையை ஆலயத்துக்கு நேர்ந்துகொண்டார். பிறந்தது பெண். ஆனாலும் ஆலயத்தில் விட்டார்கள். ஜக்கரிய்யா நபி பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் போய்ப் பார்க்கும்போதெல்லாம், யார் கொடுத்ததென்று தெரியாமல், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் சாப்பாடு இருக்கும். இப்படிப் போனது முதல் பக்கம்.

இரண்டாம் பக்கத்தில் பிரசவம். வலி வந்தபோது மர்யமுக்குத் துணை யாரும் இல்லை. ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் போய்ச் சாய்ந்துகொண்டு, இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று அழுதார். கவலைப்படாதே, காலடியில் தண்ணீர் ஓடுகிறது, மரத்தைப் பிடித்து உலுக்கு, பழம் உதிரும் என்று குரல் வந்தது. அதற்குக் கீழே நசீம் பானு இப்படி எழுதியிருந்தார்: "என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கு இரண்டு நாள் வலி. என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இந்த இடத்தைத்தான் விடாமல் ஓதினார். பேரீச்சம்பழத்தைப் பிய்த்து என் வாயில் வைத்தார். அதனால் மர்யமை எனக்கு நன்றாகத் தெரியும்."

மூன்றாம் பக்கத்தில் நன்றி. மூஸா நபிக்குத் தவ்ராத், தாவூத் நபிக்கு ஜபூர், ஈஸா நபிக்கு இன்ஜீல் என்று சிறு வயதில் மனப்பாடம் செய்தேன், அந்த வேதங்களில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தது உங்கள் பாடத்தில்தான் என்று முடித்திருந்தார்.

இதைப் படித்தவுடன் மனிதனாகப் பிறந்தவன் கொஞ்சம் பேசாமலாவது இருந்திருப்பான். நான் டீ வந்த நேரத்தில் அறையில் கூட உட்கார்ந்திருந்த மற்ற திருத்துநர்களைக் கூப்பிட்டு, குரலை ஏற்றி இறக்கி, வாசித்துக் காட்டினேன்.

"மாட்டுக் கொட்டகைக்குள்ள பேரீச்ச மரம் எப்பிடிய்யா வந்துச்சு? யாரு நட்டா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பழத்தைப் பிய்த்து வாயில் வைத்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். பிறகு மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு இழுத்து, "இவை விவிலியத்தில் இல்லை. யாரோ கட்டிய பொய்க் கதைகள்" என்று எழுதி, பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். ஒரு பாடத்தில் தவறினாலும் சான்றிதழ் கிடையாது என்பது விதி.

அல்போன்சா மட்டும் சிரிக்கவில்லை. "தெரிஞ்சத எழுதுங்கன்னு நாமதான சார் கேட்டோம்? அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதியிருக்காங்க."

"நீ தபாலைப் பிரி" என்றேன்.

அதற்குப் பிறகு பேகம்பூரிலிருந்து கடிதம் வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை.

2003 நவம்பரில் பாடங்களை மறுபடி அச்சடிக்க முடிவானது. எல்லா விடைக்கும் பக்கத்தில் விவிலிய வசன எண் போட வேண்டும் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். நான் விடைகளைச் சொல்லச் சொல்ல அல்போன்சா தட்டச்சு செய்தாள். முதல் பாடம், நான்காம் கேள்வி. மரியாவின் பெற்றோர் பெயர் என்ன? விடை: சுவக்கீன், அன்னம்மாள்.

"வசனம் சொல்லுங்க சார்."

"லூக்கா, ஒண்ணாம் அதிகாரமா இருக்கும். செத்த நேரம் இரு, பாத்துச் சொல்றேன்."

லூக்காவில் இல்லை. மத்தேயுவில் இல்லை. இரண்டு நாள் தேடினேன். மொத்த விவிலியத்திலும் இல்லை. ஏழு வருஷமாக அந்த விடைக்கு நான் சரி போட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் பெயரே அன்னம்மாள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, வரலாற்று வாத்தியார்!

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"அது விவிலியத்துல இல்லய்யா. மரபு. ஆதித் திருச்சபைக் காலத்து ஏடு ஒண்ணு இருக்கு, விவிலியத்துல சேக்கல. அதுலதான் அந்தப் பேரு வருது. மூணு வயசுல மாதாவைக் கோவில்ல காணிக்கையா விட்டதும் அதுலதான். போன வெள்ளிக்கிழமை திருநாள் வச்சமே, அதுதான்."

வெள்ளிக்கிழமை நவம்பர் இருபத்தொன்று. வருஷா வருஷம் அந்தத் திருநாள் அறிவிப்பை மைக்கில் வாசிக்கிறவன் நான்தான்.

"பிள்ளையைக் கோவில்ல விட்டப்ப சக்கரியா பாத்துக்கிட்டாரா ஃபாதர்?" என்று கேட்டேன். 

"அந்த ஏட்டுல அவரும் வாராரு. குர்ஆன்லயும் அப்பிடித்தான். பேரீச்ச மரம் மாதாவுக்குப் பழம் குடுத்த கதைகூட நம்ம பக்கத்துப் பழைய ஏடு ஒண்ணுல உண்டு, எகிப்துக்குப் போற வழியில நடந்ததா. ஏன், மாட்டுக் கொட்டகை மட்டும் என்ன? லூக்கா தீவனத் தொட்டின்னுதான் எழுதுறாரு. கொட்டகை நாம கட்டிக்கிட்டது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னய்யா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

வெட்கமாக இருந்தது என்று ஒரு சொல்லில் சொன்னால் அது பொய். காதுமடல் சுட்டது. நாங்கள் வைத்திருந்தால் மரபு, அவர்கள் வைத்திருந்தால் பொய்க் கதை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் ஏழு வருஷம் சிவப்பு மை செலவழித்திருக்கிறேன். அதைவிட, அந்தப் பழத்தைப் பிய்த்து வாயில் வைத்த இடத்தை இரண்டாம் தரம் வாசித்தேனே, அது நினைவுக்கு வந்தபோது எனக்கு என் நாக்கையே பிடிக்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அல்போன்சா பழைய பதிவேட்டைப் புரட்டி முகவரியை எடுத்தாள். சான்றிதழைத் தட்டச்சு செய்தாள். திருத்துநர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். உறையை எடுத்து முகவரி எழுதப் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"தபால்ல போட்டா அது மன்னிப்பு கேட்டதா ஆவாது சார். நேர்ல போயி, நான்தான் எழுதுனேன், தப்புன்னு சொல்லிக் குடுங்க."

"அதான் செய்யப் போறேன்" என்று முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் சனிக்கிழமை. ரம்ஜான் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்றரைக்கு டிவிஎஸ் ஃபிப்டியை பேகம்பூர் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

முன்னறையில் ஏழெட்டுச் சிறுமிகள் தலையில் துணி போட்டுக்கொண்டு அரபி ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். நாற்பதைத் தாண்டிய முகம், கண்ணாடி.

"நசீம் பானுங்கிறது…"

"நான்தான். நீங்க?"

"கோவில்லருந்து வாரேம்மா. முன்னாடி அஞ்சல்வழிப் பாடம் எழுதுனீங்கள்ல?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளைகளைப் போகச் சொன்னார். வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அவர் எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"ஏழு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க" என்றார்.

"அந்தக் கடைசித் தாளு விசயமா…"

"அது எங்கண்ணன் கையிலதான் சார் மொதல்ல கெடச்சுச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அவருக்கு மொதல்லருந்தே இதுல இஷ்டம் இல்ல. நான்தான் சொன்னேன், அவங்களையும் வேதத்தையுடையவங்கன்னுதான நம்ம குர்ஆன் சொல்லுது, மர்யம் அம்மாவை அவங்களும் தலைமேல வச்சிருக்காங்க, தப்பா ஒரு வார்த்தை வராதுன்னு. மார்க்கு வர வர அவருக்கே சந்தோசமாயிருச்சு. தெருவுல எல்லார்ட்டயும் காட்டுவாரு. பத்தாவது தனியா எழுதுறியா பானு, அதுக்கும் தபால்லயே பாடம் வருமாமுல்லன்னு அப்ளிகேஷன் வாங்கியாந்து குடுத்தாரு. நான் பேரெல்லாம் எழுதி வச்சிட்டேன். அந்த வாரம்தான் தாளு வந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"பொய்யின்னு செவப்புல எழுதியிருந்துச்சு. நம்ம குர்ஆனைப் பொய்யின்னு எழுதி வாங்கவா நீ படிச்சேன்னு கேட்டாரு. நான் என்ன சார் சொல்ல முடியும்? நான் சொன்ன ஒரு வார்த்தையும் நிக்கலயே. அப்ளிகேஷனைக் கிழிச்சுட்டாரு. அதோட படிப்புப் பேச்சே கெடையாது. எம்பேருக்கு அப்பறம் தபாலே வரல."

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை ஒத்திகை பார்த்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அதை எழுதுனவரு யாரு சார்? உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரே கேட்டார். "ஒரு தடவை பாத்துக் கேக்கணும்னு இருந்தேன்."

"அவரு எறந்துட்டாரும்மா" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொன்னாலும் என் வாய்தானே அது.

"இன்னா லில்லாஹி…" என்று அவர் மார்பில் கை வைத்தார். "எப்ப?"

"போன வருசம்."

"ஐயோ. என்ன செஞ்சுச்சு?"

"நெஞ்சு வலி."

"பிள்ளைகுட்டி இருக்கா?"

"ரெண்டு பொண்ணு" என்றேன். அதில் மட்டும் பொய் இல்லை.

அவர் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அவரு பேரு என்ன சார்? பேரு சொல்லிக் கேக்கணும்" என்றார்.

வேறு ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் செய்ததை இன்னொருவன் தலையில் கட்ட மட்டும் எப்படியோ மனம் வரவில்லை. என் யோக்கியதை அந்த அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

"பாக்கியராஜ்."

நசீம் பானு இரண்டு கையையும் ஏந்தினார். கண்ணை மூடினார். முதலில் அரபியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டார். "யா அல்லாஹ், பாக்கியராஜ் தெரியாம எழுதிட்டாரு. எம்மனசுல இனி ஒண்ணுமில்ல. நீயும் மன்னிச்சிரு. அவரு படுத்திருக்குற எடத்தை வெளிச்சமாக்கு. அவரு பிள்ளைகளைக் காப்பாத்து."

நான் அந்த நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டேன். வாழ்க்கையில் யாரும் எனக்காக இப்படிக் கேட்டதில்லை. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையால் முகத்தைத் தடவிக்கொண்டு, "உங்க ஆளுகளுக்கு இப்பிடிக் கேக்கலாமா கூடாதான்னு பள்ளிவாசல் ஹஜரத்துகிட்டதான் விசாரிக்கணும்" என்று லேசாகச் சிரித்தார். "கூடாதுன்னுட்டா என்ன செய்யிறதுன்னு மொதல்லயே கேட்டுட்டேன்."

இனி அங்கே உட்கார முடியாது என்று உறையை நீட்டினேன். "இது உங்க சான்றிதழ்மா. அப்ப குடுத்திருக்கணும். நான் வாரேன்."

அவர் வாங்கிப் பிரித்தார். பிரிக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கையை நீட்டிப் பிடுங்கவா முடியும்? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்று இன்னொரு தரம் படித்தார். பதின்மூன்று பாடங்களிலும் தேர்ச்சி பெற்றார் என்ற வரியைப் படித்தார். விரல் கீழே இறங்கியது.

"திருத்துநர், ம. பாக்கியராஜ்." நிறுத்தினார். "இருபத்தெட்டு, பதினொண்ணு, ரெண்டாயிரத்து மூணு."

வெளியே ஒரு ஆட்டோ போய்ச் சத்தம் அடங்கும் வரைக்கும் அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நேத்துத் தேதி" என்றார்.

நான் எழுந்தேன். "அம்மா…"

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். என் வகுப்பில் எந்தப் பையனும் அவ்வளவு சட்டென்று உட்கார்ந்ததில்லை.

"துவா கேட்டது கேட்டதுதான். அதை நான் திருப்பி வாங்க மாட்டேன். உசுரோட இருக்குறவருக்கும் கேக்கலாம்" என்றார். சான்றிதழை மடிக்காமல், பத்திரமாக, உறைக்குள் வைத்தார். அதை என்னிடமே திருப்பி நீட்டினார். "ஆனா இது எனக்கு இல்ல சார். நான் பாஸுன்னு எனக்குத் தெரியும். எங்கண்ணன் அஞ்சு மணிக்கு வருவாரு. இதை அவருகிட்ட குடுங்க. அந்த செவப்பு எழுத்து யாரு எழுதுனது, அது தப்பா ரைட்டான்னு உங்க வாயால சொல்லுங்க. சொன்னா, பத்தாவது அப்ளிகேஷன் இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லி நான் கேப்பேன்."

"அவரு… கோவப்படுவாரா?"

"படுவாரு" என்றார். "டீ போட்டுக் கொண்டாரேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து. வாசல் திறந்துதான் இருந்தது. தெருமுனையில் வண்டி. ஐம்பது நிமிஷத்தில் திண்டுக்கல்லின் எந்த மூலைக்கும் போய்விடலாம். உள்ளே அவர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் என்னைக் காவல் காக்கவில்லை. நான் போய்விட்டாலும் அவர் கூப்பிடப் போவதில்லை.

டீ வந்தது. கூடவே ஒரு சின்னத் தட்டில் நாலு பேரீச்சம்பழம். பெருநாளைக்கு வாங்கியதில் மிச்சம் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். ஒன்றை எடுத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

ஐந்தாக இன்னும் மூன்று நிமிஷம் இருக்கும்போது வாசலில் பைக் வந்து நின்றது. நான் எழுந்து நின்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று அதுவரை தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்த பெரியவர், "யாரு?" என்று தங்கையைத்தான் கேட்டார்.

நசீம் பானு என்னைப் பார்த்தார்.

"நான்தான் பாக்கியராஜ்" என்றேன்.